மருத்துவர் எழுதிக் கொடுத்த ஏழு இடங்கள்

இந்தப் பயணத்தில் நான் எங்கெங்கே போக வேண்டும் என்பதை ஒரு மனநல மருத்துவர் முடிவு செய்தார். கோடு போட்ட தாளில் ஏழு இடங்கள். முதல் இடம் தூத்துக்குடியில் ஒரு பஞ்சர் கடை. ஏழாவது ஆலந்தலையில் ஒரு வீடு. ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: போய்ச் சேர்ந்த நேரம், கிளம்பிய நேரம், முன், பின். கடைசி இரண்டிலும் எழுத வேண்டியது எண்கள். பூஜ்யம் என்றால் மனம் அமைதியாக இருக்கிறது. நூறு என்றால் இதற்கு மேல் தாங்காது. எண்ணைச் சொல்ல வேண்டியவன் என் நண்பன் இன்னாசி. எழுத வேண்டியவன் நான்.

எனக்குப் பூர்வீகம் சாத்தான்குளம். அப்பா தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்ததால் பள்ளிக்கூடம் முழுக்க இங்கேதான். இன்னாசி என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். பிறகு முப்பத்தோரு வருடம் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். இப்போது ஓய்வு பெற்று அங்கேயே மகள் வீட்டில் இருக்கிறேன். அந்த ஊருக்குப் போன நாள் முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். பெரிய விஷயம் எதுவும் இராது. மழை தொடங்கிய நேரம், படித்து முடித்த புத்தகம், யார் யார் தொலைபேசியில் பேசினார்கள் என்பது போன்றவை.

இன்னாசியின் வீட்டார் சங்கு குளிப்பவர்கள். சங்கு எடுக்க ஒருவர் கடலுக்குள் இறங்கினால், அவருடைய இடுப்பில் கட்டிய கயிற்றைப் படகில் இன்னொருவர் பிடித்துக்கொண்டிருப்பார். படகில் ஓடும் கம்ப்ரசர் குழாய் வழியாகக் கீழே காற்று அனுப்பும். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவே பேச்சு என்றால் அந்தக் கயிறு மட்டும்தான். இந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்தே கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பது வழக்கம். உடன்பிறந்தவள் தாலி அறுப்பதை எவனும் விரும்ப மாட்டான் என்பது அதற்குச் சொல்லும் காரணம். முத்துக்குளிப்பு நின்று பல காலம் ஆகிவிட்டது. சங்கில் அந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது. இன்னாசி தன் அக்காள் ரெஜினாவின் கணவருக்கு இருபது வருடத்துக்கு மேல் கயிறு பிடித்தான். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பங்குனிக் காலையில், பார் என்று இவர்கள் சொல்லும் கடலடிப் பாறைத்திட்டில் கயிறு சிக்கி, அந்த அத்தான் உயிரோடு மேலே வரவில்லை.

அதற்குப் பிறகு இன்னாசி கடலுக்குப் போகவில்லை. கிட்டங்கி என்று இங்கே சொல்லும் உப்புக் கிடங்கு ஒன்றில் காவல் வேலை பார்க்கிறான். கம்ப்ரசர் சத்தம் கேட்டால் சட்டை வியர்வையில் நனைந்துவிடும். தூங்கும்போது இரண்டு கைகளும் எதையோ இழுக்கும். அடக்கம் முடிந்ததோடு சரி, ஆலந்தலையில் அக்காள் வீட்டுப் படி ஏறியதில்லை. ரெஜினாவின் மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். இப்போது அம்மாவையும் அழைத்துக்கொள்கிறாள். நான் வந்து இறங்கிய நாளிலிருந்து சரியாக இரண்டு வாரத்தில், ஒரு திங்கட்கிழமை, ரெஜினா புறப்படுகிறாள். வீட்டை வாடகைக்குப் பேசியாயிற்று. எப்போது திரும்புவாள் என்பது அவளுக்கே தெரியாது. அதற்குள் இன்னாசி அந்த வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும். என் பயணத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

என்னை வரச் சொன்னது இன்னாசியின் மனைவி புஷ்பம். "ஒரு டாக்டரம்மா வந்திருக்காவ அண்ணாச்சி. பத்து நாளும் கூட ஒரு ஆள் அலையணுமாம். நான் ஆவ மாட்டேனாம். அவ்வொ வாயத் தொறந்தாலே நான் பேச்ச மாத்திருதேனாம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே பேச்சை மாற்றி, சிங்கப்பூரில் இப்போது மழையா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பகல் 11.20க்குத் தூத்துக்குடிக்குள் நுழைந்தேன். மாசி மாத வெயில். உப்பளங்களின் வெள்ளையில் கண் கூசியது. சிங்கப்பூரில் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பெயர்ப்பலகை பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே காற்று சொல்லிவிடும். மதியம் புஷ்பம் ஊளி மீன் குழம்பு வைத்திருந்தாள். இன்னாசி கதவைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். இடது கையால் வேட்டி நுனியைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தான். என்னை வரவேற்று அவன் சொன்னது ஒரே வாக்கியம். "என்னல, தலையில ஒண்ணையும் மிச்சம் வைக்கலியா அந்த ஊர்ல?"

செவ்வாய்க்கிழமை காலை மருத்துவரைப் பார்த்தோம். மருந்துக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். மருத்துவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பாளையங்கோட்டைக்காரர், பெங்களூரில் படித்தவர். நான் சிங்கப்பூர் நூலகத்தில் படியெடுத்த கட்டுரைகளை ஒரு கோப்பாகக் கொண்டுபோயிருந்தேன். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு உலகத்தில் புதிதாக என்னென்ன செய்கிறார்கள் என்று தேதி வாரியாக அடுக்கியிருந்தேன். அவர் பொறுமையாகப் புரட்டினார். எம்.டி.எம்.ஏ. என்ற மருந்தைக் கொடுத்து, மணிக்கணக்காகக் கூடவே இருந்து பேசவைக்கும் முறை ஒன்று. ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மருத்துவர்கள் மட்டும் கொடுக்கலாம்; அமெரிக்காவில் சான்று போதாது என்று திருப்பிவிட்டார்கள்; நம் நாட்டில் அது சட்டப்படி கூடாது. கழுத்து நரம்பு முடிச்சில் போடும், உணர்வை மரத்துப்போகச் செய்யும் ஊசி இன்னொன்று. ஓர் ஆய்வில் உதவியது, வேறோர் ஆய்வில் வெறும் உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை. கெட்டமின் சிலருக்குச் சில நாள் சுமையைக் குறைக்கிறது. எவ்வளவு காலம் நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "சார், புதுசுன்னா புது மருந்தாத்தான் இருக்கணும்னு இல்ல. பழைய சிகிச்சையையே புது மாதிரி குடுக்கிறதும் புதுசுதான்" என்றார் மருத்துவர். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதும், ஒதுக்கி வைத்த இடங்களுக்குப் போகவைப்பதும் பல வருடமாக இருக்கும் முறை. முன்பெல்லாம் வாரம் ஒரு தடவை என்று மாதக்கணக்கில் இழுக்கும். பாதியில் நின்றுவிடுகிறவர்கள் அதிகம். இப்போது அதையே நாள்தோறும் என்று இரண்டு வாரத்தில் முடித்துப் பார்க்கிறார்கள். பலன் குறையவில்லை என்று தெரிகிறது. இன்னாசிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

அன்றே அவனுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். முகத்தின் பாதியை மூடும் பெரிய கண்ணாடி. தலையைத் திருப்பினால் உள்ளே தெரியும் காட்சியும் திரும்பும். கடலுக்கடியில் இறங்கும் படம் அது. இவனைப் போன்றவர்களுக்காக வெளிநாட்டில் எடுத்தது. இன்னாசி மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் கழற்றினான். எண் கேட்டதற்கு ஐந்து என்றான்.

"பயமா இல்லையா?"

"டாக்டர், நான் உள்ள போனவன் இல்ல. மேல இருந்தவன். உள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுல்லா."

மருத்துவர் தன் தாளில் எதையோ அடித்துவிட்டு எழுதினார்.

புதன்கிழமை நடந்ததை இன்னாசியே டீக்கடையில் வைத்துச் சொன்னான். அன்று மருத்துவர் வேறொரு முறையைத் தொடங்கினார். எலுமிச்சம்பழ அளவில் இரண்டு சிறு உருண்டைகள். இரண்டும் வயர் மூலம் ஒரு பெட்டியோடு இணைந்தவை. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்ததை நினைக்க வேண்டும். உருண்டைகள் இடது, வலது என்று மாறி மாறி அதிரும். பலருக்கு அந்த அதிர்வு, நினைவின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும். இன்னாசி கண்ணை மூடினான். கையில் அதிர்வு வந்தது. மறுபடி வந்தது. விடாமல் வந்தது. எழுந்து நின்றான். கைக்குக் கை மாற்றி வயரை இழுக்க ஆரம்பித்தான். மேசைமேல் இருந்த பெட்டி தரையில் விழுந்து அவன் காலடிவரை வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தானாம். வெளியே உட்கார்ந்திருந்த எனக்குச் சத்தம் கேட்டது. நாற்காலி விழுந்தது என்று நினைத்தேன்.

"விடாம இழுத்தா ஆளத் தூக்கணும்ல. கைக்கு அது தெரியும். டாக்டரம்மாக்குத் தெரியாது" என்றான்.

மருத்துவர் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாராம். இதை எத்தனையோ பேரிடம் கொடுத்திருக்கிறேன், யாரும் பெட்டியைத் தூக்கியதில்லை என்று சொல்லிவிட்டு, கயிற்றின் பேச்சை முழுக்கச் சொல்லச் சொன்னார். ஓர் இழுப்பு: கயிறு இன்னும் கொஞ்சம் விடு. இரண்டு இழுப்பு: சங்குப் பையைத் தூக்கு. விடாமல் இழுத்தால்: ஆளைத் தூக்கு. அவர் அதை எழுதிக்கொண்டார். ஏழு இடங்களின் பட்டியல் அன்று மாலைதான் என் கைக்கு வந்தது. கண்ணாடியும் அலமாரிக்குள் போய்விட்டது.

அடுத்த நாளிலிருந்து தினமும் ஒன்றரை மணி நேரம் அவன் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல அந்தக் காலையைச் சொன்னான். அதைச் செல்போனில் பதிவு செய்து கொடுத்தார்கள். வீட்டில் தினம் ஒரு முறை கேட்க வேண்டும். புஷ்பம் அந்த நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை பஞ்சர் கடை. தெற்கே போகும் சாலையில், லாரிகள் நிற்கும் இடம். போய்ச் சேர்ந்தது 9.40. முன்: எண்பது. கம்ப்ரசர் ஓடும்போது முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது உத்தரவு. பழைய டயர்களின் மேல் இருவரும் உட்கார்ந்தோம். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்தபடியே எங்களையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, வண்டி எங்க?"

வண்டி இல்லை என்றேன்.

"வண்டியில்லாம எதுக்கு பஞ்சர் கடைக்கு வந்திய?"

இன்னாசி சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தான். "பஞ்சரு எனக்கு. நீரு உம்ம சோலியப் பாரும்" என்றான். கடைக்காரர் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் கம்ப்ரசர் தானாக நின்ற ஒவ்வொரு தடவையும் எங்களுக்காக மறுபடி ஓடவிட்டார். ஏன் வந்தோம் என்று அவருக்குப் புரிந்ததா என்பது தெரியாது. இருபதாவது நிமிடம் இன்னாசி எழுந்து சாலையின் அந்தப் பக்கம் வரை போனான். லாரி ஒன்று கடக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்து அதே டயரில் உட்கார்ந்தான். கிளம்பியது 10.25. பின்: ஐம்பத்தைந்து. போகிற வழியில் பேக்கரியில் மக்ரூன் வாங்கினோம். முந்திரியும் முட்டை வெள்ளையும் வாயில் வைத்ததும் கரைந்தன. சிங்கப்பூரில் இதே பெயரில் விற்பது வேறு ஏதோ பண்டம்.

சனிக்கிழமை சங்குக் கிட்டங்கி. அந்த வாடை என்னாலேயே தாங்க முடியவில்லை. திங்கள்கிழமை திரேஸ்புரம் கடற்கரை, செவ்வாய் கரையேற்றி வைத்திருந்த படகின் நிழல், புதன் கட்டிக்கிடந்த படகின் மேல் அரை மணி நேரம். ஒவ்வொரு நாளும் 'பின்' கட்டத்தில் எண் இறங்கியது. ஆனால் அறைக்குள் சொல்லும் கதையில் மட்டும் எண் தொண்ணூறை விட்டு அசையவில்லை. புதன்கிழமை மருத்துவர் இன்னாசியை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எங்கியோ ஒரு இடத்தத் தாண்டித் தாண்டிப் போறாரு சார். நான் பிடிச்சு இழுக்க மாட்டேன். அவரே வரணும்." இன்னாசி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காள் புறப்பட ஐந்து நாள் இருந்தது.

வியாழக்கிழமை முயல் தீவு. பட்டியலில் ஆறாவது: 'கயிறு பிடித்தல்'. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் அலையே இல்லாத ஆழமற்ற கடல். பாரந்தூக்கிகள் தூரத்தில் தலை குனிந்து நின்றன. கயிற்றின் ஒரு நுனியை என் இடுப்பில் கட்டினான். முடிச்சைப் போட்டவன் அதை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அவன் கரையில். முன்: எழுபத்தைந்து.

முதலில் விடாமல் இழுக்கச் சொல்லியிருந்தான். இழுத்தேன். மறு நொடி நான் தண்ணீருக்குள் குப்புறக் கிடந்தேன். உப்புத் தண்ணீரைக் குடித்தபடி கரைக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்தில் கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்த குடும்பம் சிரித்தது. அதிலிருந்த ஓர் அம்மா, "மீனு கெடைக்கலன்னா ஆளையே பிடிச்சிட்டாவ" என்றார். இன்னாசியும் சிரித்தான். நான் வந்த பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். திரும்பப் போய் நின்று இரண்டு இழுப்பு கொடுத்தேன். சரியாகச் செய்தான். பிறகு ஓர் இழுப்பு.

ஓர் இழுப்பு என்றால் கயிற்றை விட வேண்டும். அவன் விடவில்லை. கயிறு விறைத்து நின்றது. மறுபடி ஒன்று கொடுத்தேன். விடவில்லை. கரைக்கு ஏறி வந்தபோது அவன் உள்ளங்கை சிவந்திருந்தது. நான் கேட்காமலே "நூறு" என்றான். பிறகு மணலில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு ஒண்ணு வந்துச்சுல" என்றான். "ஒண்ணுன்னா விடணும். ரெண்டு பாகம் கயிறு, ரெண்டு ஆள் நீளத்துக்கு, விட்டேன். பொறவு ஒண்ணுமே வரல. அது ஒண்ணு இல்லல. அவரு விடாம இழுக்க ஆரம்பிச்சதுல மொத இழுப்பு. நான் விட்டதுல கயிறு தொய்ஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவரு இழுத்தது எதுவும் மேல வந்து சேரல."

காற்றில் அந்தக் குடும்பத்தின் பாத்திர மூடி ஒன்று உருண்டு வந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"இத அக்காட்ட நான் சொல்லல. ஒருத்தர்ட்டயும் சொல்லல. எந்த மூஞ்சிய வச்சிட்டு அந்த வீட்டுக்குள்ள போவ?"

அன்று 'பின்' கட்டத்தில் தொண்ணூறு எழுதினேன். எழுதியதில் எனக்குத் திருப்தி இல்லை. மேலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்பதாக்கிக்கொண்டு கிளம்பினோம்.

வெள்ளிக்கிழமை அறைக்குள் அவன் அந்த ஓர் இழுப்போடு சேர்த்துக் கதையை ஐந்து தடவை சொன்னான். உன் மேல் தப்பில்லை என்று மருத்துவர் சொல்லவில்லை. ஓர் இழுப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். விட வேண்டும் என்றான். வேறு யார் பிடித்திருந்தாலும்? விட்டிருப்பான். அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். படி இறங்கும்போது, "நாளைக்குப் போவோம்ல" என்றான் இன்னாசி.

சனிக்கிழமை வாடகைக் காரில் கிளம்பினோம். தாமிரபரணிப் பாலம் தாண்டி ஆத்தூரில் ஓர் ஆணி எங்களுக்காகக் காத்திருந்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை என்று ஓட்டுநர் அப்போதுதான் கண்டுபிடித்தார். பஞ்சர் கடை அருகிலேயே இருந்தது. கம்ப்ரசர் ஓடியது. நான் அவசரமாகப் பட்டியலைத் தேடினேன். இந்தக் கடை அதில் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் இன்னாசி சாலையைக் கடந்து வெற்றிலைக் கொடியின் பச்சை வாசம் அடிக்கும் ஒரு கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தான். ரெஜினா வெற்றிலை போடுபவள். கடைக்காரப் பெண், எத்தனை வெற்றிலை வேண்டும், போடுபவருக்கு வயது என்ன, பல் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தாள். பல் இருக்கு, வாயும் இருக்கு என்றான். இளம் வெற்றிலையாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கினான். கம்ப்ரசர் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருக்கும். அவன் சட்டை நனைந்திருந்தது. ஆனாலும் கடையில் நின்றுதான் இருந்தான்.

ஆலந்தலை சேர்ந்தது 12.10. முன்: தொண்ணூற்றைந்து. கடலுக்கு நேராகப் போகும் மணல் தெருவில் நீலக் கதவு வைத்த வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள். சுவரில் அத்தானின் படத்தைக் கழற்றிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ரெஜினா முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். தம்பியை முழுசாகப் பார்த்தாள்.

"வா. செருப்ப வெளிய போடு" என்றாள்.

இன்னாசி உள்ளே போனான். உட்காரவில்லை. வெற்றிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே, இத்தனை நாளாகக் கண்ணை மூடிச் சொன்னதைக் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னான். ஓர் இழுப்பு வந்தது, நான் விட்டேன், இரண்டு பாகம் விட்டேன், அதனால்தான்.

ரெஜினா கேட்டாள்: "இதச் சொல்லவால நாலு வருசம் கழிச்சு வார?"

அவன் தலையை ஆட்டினான்.

"இத நீ அன்னைக்கே சொல்லிட்டல்லா. கோயில் முத்தத்துல வச்சு, ஊரு முழுக்கக் கேக்க, ஒண்ணு வந்துச்சு ஒண்ணு வந்துச்சுன்னு நீதான கத்துன."

"நான் சொல்லலக்கா."

"சொன்ன. நான் உன்ன அடிச்சேன். செருப்பக் கழத்தி மூஞ்சியிலயே அடிச்சேன். பிடிச்சு இழுக்க நாலு பேரு வேண்டியிருந்துச்சு. அதுவும் மறந்து போச்சா?"

இன்னாசி அவளையே பார்த்தான். "அடிச்சியா?" என்றான்.

ரெஜினா சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். "அடிச்சதுக்குத்தான் நீ வர மாட்டேங்கன்னு நெனச்சிட்டுக் கெடக்கேன். நாலு வருசமா. சாமியார்ட்டப் போயி பாவசங்கீர்த்தனம்கூடச் செஞ்சேன்ல, தம்பிய ஊரு முன்னால செருப்பால அடிச்சிட்டேன்னு."

வாசலில் நின்ற என்னை இருவரும் மறந்துவிட்டார்கள். கடல் சத்தம் தெரு வழியே வந்துகொண்டிருந்தது. ரெஜினாதான் மறுபடி பேசினாள். "எனக்கு வருத்தம் போயிட்டுன்னு சொல்ல மாட்டேன். போவாது. ஆனா ஒண்ணு வந்தா விடத்தான் செய்யணும். நீ விடாம இருந்திருந்தா அவரே மேல வந்து உன்ன ஏசியிருப்பாரு. எத்தன தடவ ஏசியிருக்காரு." அவன் கையிலிருந்த கட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். "ஆத்தூரு வெத்தலையா? பாத்துத்தான் வாங்கியிருக்க" என்றாள். பிறகு இன்னாசி உட்கார்ந்தான்.

சாளை மீன் வறுவலும் சொதியும் செய்தாள். பாத்திரங்களைப் பெட்டியில் கட்டிவிட்டதால் மூன்று பேரும் வாழை இலையில் சாப்பிட்டோம். இன்னாசி இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினான். இரண்டாம் தடவை அவள் போடும்போது, சிங்கப்பூரார் என்ன எழுதிக்கொண்டே இருக்கிறார் என்று கேட்டாள். நான் நோட்டை மூடி வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அக்காளை வழியனுப்ப இன்னாசி போய்விட்டதால், தாளை நான் மட்டும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழாவது இடத்தில் 'பின்' கட்டமும், கிளம்பிய நேரமும் காலியாக இருந்தன. கேட்க மறந்துவிட்டேன் என்றேன். பரவாயில்லை என்றார். நடந்ததைச் சொன்னேன். பெரிய அதிர்ச்சியில் சில துண்டுகள் மறக்கவே முடியாதபடி பதியும், சில துண்டுகள் பதியாமலே போகும் என்றார். இன்னும் சில மாதம் அவனைப் பார்க்க வேண்டும், கை தூக்கத்தில் இழுப்பது முழுக்க நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். நான் அதை எழுதிக்கொண்டேன்.

சிங்கப்பூர் திரும்பிய மூன்றாம் நாள், அலமாரியிலிருந்து நான்கு வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பை எடுத்தேன். இறப்புச் செய்தி எனக்கு எப்படி வந்தது என்று பார்க்கத்தான். புஷ்பம் மறுநாள் காலையில் சொன்னது இருந்தது. அதற்கு முந்தைய பக்கத்தில், என் கையெழுத்தில், இப்படி இருந்தது: 'மாலை 7.50. இன்னாசி அழைத்தான். பின்னால் ஒரே கூச்சல். ஒன்று, ஒன்று என்கிறான். என்ன ஒன்று என்று விளங்கவில்லை. தொடர்பு அறுந்தது.' அடுத்த வரியில் மழை நின்ற நேரம்.

அன்றே இன்னாசியைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினேன். உன் அக்காள் சொன்னது சரி, நீ என்னிடமும் சொல்லியிருக்கிறாய் என்றேன். மறுபக்கத்தில் கிட்டங்கியில் உப்பு மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

"பொறவு ஏம்ல நீ திருப்பிக் கூப்பிடல?" என்று கேட்டான்.

அதற்கு அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.